கிசுகிசு வீடியோவும் விளம்பரக் கூச்சலும்

செந்தூல் வாசகி: கிசுகிசுப்பு, தட்டல், வருடல் என்று மெல்லிய ஒலிகளைக் காதருகே கேட்கவைக்கும் ஏஎஸ்எம்ஆர் வீடியோவைக் கேட்டால் தோழிக்கு உச்சந்தலை கூசுகிறதாம். எனக்கு ஒன்றுமே வரவில்லை. குறையா?

இல்லை, எல்லாருக்கும் வராது. யாராவது பொறுமையாகப் பேன் பார்த்துவிடும்போது மயிர்க்கால் கூசிக் கண் சொக்குமே, அதே சுகம்தான் இது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் இடம் வலம் கலந்துவிடும். ஹெட்போனில், குறைந்த ஒலியில், ஒருமுறை கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: எல்லாம் ஆபாசம்தானே?

2015இல் வெளியான சுவான்சி பல்கலைக்கழக ஆய்வில் ஏஎஸ்எம்ஆர் பார்க்கும் ஏறக்குறைய 500 பேரிடம் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். மனம் இளைப்பாற என்றவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும். தூக்கத்துக்கு என்றவர்கள் 80 விழுக்காடு. காமத்துக்கு என்றவர்கள் 5 விழுக்காடு. பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: வெறும் பிரமையா?

2018இல் வெளியான ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில் அளந்தார்கள். கூச்சம் வருகிறவர்களுக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு மூன்று போல இறங்கியது.

பாயான் லெப்பாஸ் வாசகர்: இரவு ஷிப்ட் முடிந்து பகலில் கேட்டுத் தூங்குகிறேன். காதில் ரீங்காரம். ஏன்?

என்ன ஹெட்போன், எவ்வளவு ஒலி, எத்தனை மணி நேரம்? ஒன்றும் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: மேலே காற்றாடி, வெளியே மோட்டார் சைக்கிள், அதை மீறிக் கிசுகிசுப்பைக் கேட்க ஒலியை முழுக்க ஏற்றியிருப்பீர்கள். யூடியூப் சத்தமான வீடியோவைத் தணிக்கும், மெல்லியதை வழக்கமாக உயர்த்தாது. கண் சொக்கும் நேரத்தில் விளம்பரம் வரும், முழு ஒலியில், செவிப்பறைக்கு அரை அங்குலத்தில். முதலில் ஒரு செய்தி வீடியோ போட்டு, இதமாகக் கேட்கும் அளவில் ஒலியை வையுங்கள். கிசுகிசுப்புக்கு அதற்கு மேல் ஒரு படி, போதும். கேட்கவில்லையா? ஒலியைத் தொடாதீர்கள், காற்றாடியைக் குறையுங்கள், சன்னலைச் சாத்துங்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம் தாங்கும். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. அரை மணியில் நிற்கும்படி டைமர் வையுங்கள், ஆட்டோபிளேயை அணையுங்கள். காதுக்குள் செருகும் வகையோடு ஒருக்களித்துப் படுத்தால் குறும்பி உள்ளே போய் அடைக்கலாம். தட்டையான ஸ்பீக்கரைத் துணிப்பட்டைக்குள் வைத்துத் தைத்த தலைப்பட்டை வகை வாங்குங்கள். ரீங்காரம் ஒரு வாரம் நீடித்தால் காது மருத்துவரிடம் போங்கள், எனக்கு எழுதாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: சப்புக்கொட்டிச் சாப்பிடும் வீடியோ கேட்டால் அறையத் தோன்றுகிறது.

மிசோஃபோனியாவாக இருக்கலாம், அதாவது சில ஒலிகளைக் கேட்டாலே ஆத்திரம் பொங்கும் நிலை. பழகினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மழை, தூரிகை, துணி மடிக்கும் சத்தம் இருக்கிறதே.

செராஸ் வாசகர்: தினமும் நாலு மணி நேரம் பார்க்கிறேன். இப்போது கூச்சமே வருவதில்லை.

இரண்டு வாரம் நிறுத்துங்கள். பலருக்குத் திரும்பிவிடும். ஒலியை ஏற்றினால் திரும்பாது.