முன்னாள் அக்கா என்று யாரும் கிடையாது

கேள்வி: எனக்கு 27 வயது. என் தம்பி 21 வயதில் பைக் விபத்தில் போய் 14 மாதம் ஆகிறது. அம்மா அவன் அறையில் ஒரு பொருளைக்கூட நகர்த்த விடுவதில்லை, நாள் முழுக்க அவன் பேச்சுதான். அப்பா அவன் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். ஆனால் அவன் போன் நம்பருக்கு இன்னமும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது அவர்தான் என்று போன வாரம்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அவன் பிறந்தநாள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அவனை நினைவுகூர வேண்டும் என்கிறார் அம்மா. அப்படிச் செய்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறார் அப்பா. இருவருக்கும் நடுவில் தூது போவது நான். பார்ப்பவர்கள் எல்லாம் "அம்மா எப்படி இருக்காங்க? நீதான் தைரியம் சொல்லணும்" என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு என்று தோழி ஒரு படம் அனுப்பினாள், நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. அம்மா சொல்லும் தம்பியைச் சில நேரம் எனக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு நல்லவன். என் சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்ற கோபத்தில் அவனுடைய கடைசி அழைப்பை நான் எடுக்கவில்லை. புதிதாகப் பழகுபவர்கள் "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது.
இப்படிக்கு, ஒரு முன்னாள் அக்கா.

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

வயதில் நான் உங்களைவிட ரொம்ப மூத்தவள். தெரிந்தேதான் அப்படிக் கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அந்தக் கடைசி வரி. முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் மேலாளர் உண்டு, முன்னாள் அக்கா எங்கிருந்து வந்தாள்? உங்களுக்கு ஐந்து வயதோ என்னவோ இருந்தபோது, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு குழந்தை வந்து கொடுத்த பட்டம் அது. அதைத் திருப்பிக் கொடு என்று இதுவரை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அம்மா, பிறகு அப்பா, பிறகு சொந்தக்காரர்கள். எல்லோரும் வந்து போன பிறகு, கடைசியில், கதவோரம் நிற்கிற மாதிரி நீங்கள். அழைப்பை எடுக்காமல் விட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவசரமாக அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துயருக்கு நம்மிடம் புத்திர சோகம் என்று பெயர் இருக்கிறது. தம்பியைப் பறிகொடுத்தவளின் துயருக்கு அப்படி ஒரு பெயர் புழக்கத்தில் இல்லை, அதனாலேயோ என்னவோ உங்களை எல்லோரும் துக்க வீட்டின் வரவேற்பாளர் மாதிரி நடத்துகிறார்கள். அழுகை எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு உங்களுக்குத் தெரியும். இளிவு, நம்மை ஒரு பொருட்டாக நினைக்காதபோது வருவது. அசைவு என்றால், முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு விதமாக ஆகி வருந்துவது என்று, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர் விளக்குகிறார். தம்பி போனது இழவு. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்களே, அது இளிவு. அக்காவாக இருந்தவள் திடீரென்று ஒற்றைப் பிள்ளை ஆனது அசைவு. மூன்றுக்கும் சேர்த்து அழ வேண்டியவர், அதையெல்லாம் அடக்கிவைத்துவிட்டு இரண்டு பேருக்குத் தூது போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் முதல் காரியம், தூது போவதை நிறுத்துங்கள். சண்டை போட்டு அல்ல. "இதை நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்கம்மா, எனக்கு முடியல" என்று ஒரு முறை சொன்னால் போதும். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. நீதான் தைரியம் சொல்லணும் என்பவர்களிடம், "எனக்கும் அவன் தம்பிதானே, எனக்கு யார் சொல்றது?" என்று கேட்டுவிடுங்கள், அவர்கள் என்ன பதில் சொல்வது என்று அவர்களே யோசிக்கட்டும்.

அந்த ஐந்து கட்டப் படத்தை அழித்துவிடலாம். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்தக் கட்டங்களை எழுதியது, சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசி, அவர்கள் தங்கள் சாவை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்த்து. பின்னால் அதை எல்லாவித இழப்புக்கும் நீட்டிக்கொண்டார்கள். தம்பியை இழந்தவர்கள் வரிசையாகப் படியேற வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரு துக்க ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், இன்னொரு நேரம் அதிலிருந்து விலகி அன்றாட வேலையின் பக்கம் வருவார், இந்தப் போக்குவரத்துதான் இயல்பு என்கிறார்கள். உங்கள் வீட்டில் அம்மா ஒரு பக்கத்திலேயே நிற்கிறார், அப்பா மறுபக்கத்திலேயே நிற்கிறார், போய்வருகிற வேலை மொத்தமும் உங்கள் தலையில் விழுந்துவிட்டது.

உண்மையில் அப்பாவும் அந்தப் பக்கத்திலேயே நிற்கவில்லை. ரீசார்ஜ் செய்கிறாரே! பெயரைச் சொல்லத் தாங்காத மனிதர், தேதி தவறாமல் அவன் நம்பரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார். உங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேசாதவர் என்று நீங்கள் நினைத்தவர் மாதம் ஒருமுறை அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் போய், எனக்குத் தெரிந்துவிட்டது என்று உட்கார்ந்து அழவைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த மாசம் நான் போடறேன்பா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

போன் பேச்சு வந்ததால் ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், துக்கத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை, பிறகு இரண்டாம் முறை இழந்த மாதிரி ஆகிவிடுகிறது. நம்பர் உயிரோடு இருந்தால் மட்டும் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். கூகுள் கணக்கு இரண்டு வருடம் யாரும் திறக்காமல் இருந்தால், படங்கள் உட்பட அழிக்கப்படலாம், உங்களுக்கு 14 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அவன் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் உங்கள் போனில் இருக்குமே, அவற்றை இந்த வாரமே கணினியில் ஒரு பிரதி, தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். கேட்க வேண்டும் என்று இல்லை. சிலருக்கு வருடக் கணக்காகக் கேட்க முடியாது. ஆனால் கேட்கத் தோன்றுகிற நாளில் இருக்க வேண்டும், முகம் படத்தில் நின்றுவிடுகிறது, குரல்தான் முதலில் கைநழுவிப் போகிறது.

சரி, பிறந்தநாள். அம்மா பக்கமா அப்பா பக்கமா என்று கேட்டால், நான் அம்மா சொல்வதை நடத்தச் சொல்வேன், ஆனால் அப்பா அதில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். ஒரே நாளை மூன்று பேர் மூன்று விதமாகக் கழிப்பதில் யாருக்கும் துரோகம் இல்லை. அம்மா சொந்தக்காரர்களோடு இருக்கட்டும், அப்பா காலையிலேயே எங்காவது நடந்துவிட்டு வரட்டும், யாரும் அவரைத் தேடிப் போய் இழுத்து வர வேண்டாம். வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஆறுதல் எதுவும் சொல்லாமல், அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒரு சம்பவத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவனுடைய நண்பர்களையும் கூப்பிடுங்கள். 21 வயதுப் பையனின் வாழ்க்கையில் பாதி வீட்டுக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கும், அது அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தாள்களை ஒரு பெட்டியில் போட்டு, அப்பா கண்ணில் படுகிற இடத்தில், எதுவும் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

இது வேண்டாத வேலை, கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தால் எப்போது மீள்வது என்று யாராவது சொல்வார்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்டே ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பித்தார். 1917-இல் வந்த கட்டுரையில், போனவர் மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று எழுதினார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி இறந்துபோனாள். 1929-இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், மகள் இருந்திருந்தால் அவளுக்கு 36 வயது ஆகியிருக்கும் என்று அதில் குறிப்பிடுகிறார். அந்த இடத்துக்கு மாற்று கிடைக்காது, ஏதாவது வந்து முழுக்க நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதே சரி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஒன்பது வருடமாக அந்தப் பெரிய மனிதர் இறந்த பெண்ணுக்கு வயதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார் என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். உங்கள் அம்மாவும் அடுத்த மாதம் 23 என்று கணக்கு வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். என் பாட்டி, 19 வயதில் போன மகனைப் பற்றி எண்பது வயதிலும் "அவனுக்குக் கோபம் வந்தா யார்கிட்டயும் பேச மாட்டான்" என்றுதான் சொல்வார். பேசமாட்டான். அந்த வாக்கியத்தில் கடந்த காலத்தை ஒரு நாளும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

அந்த அறையும் அப்படியே இருக்கட்டும், இப்போதைக்கு. ஒரே ஒரு பொருள், உங்களுக்கு வேண்டியது, அதை மட்டும் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அம்மா சொல்லும் அந்த நல்ல பையன். போனவர்களுக்கு வெள்ளையடிப்பது எல்லா வீட்டிலும் நடக்கும், அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். ஆனால் நீங்களும் அதில் சேர்ந்து வெள்ளையடித்தால், சார்ஜரைத் திருடுகிற, பொய் சொல்லிவிட்டுச் சிரிக்கிற, உங்களுக்கு மட்டும் தெரிந்த அந்தப் பையனை நினைத்துப் பார்க்க யாருமே இருக்க மாட்டார்கள். அவனோடு ஒரே வீட்டில் சண்டை போட்டு வளர்ந்த ஒரே ஆள் நீங்கள். ஒரு நாள், அம்மா சிரித்த முகமாக இருக்கிற நேரமாகப் பார்த்து, அவன் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லிப் பாருங்கள். முதலில் கோபித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கும் அந்தப் பையன்தான் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்த அழைப்பு. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லி நகர்ந்துவிடலாம், நீங்கள் நம்பப் போவதில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், யாருடைய அழைப்பை நாம் எடுக்காமல் விடுகிறோம்? மேலாளர் அழைத்தால் எடுத்துவிடுகிறோம். தெரியாத நம்பரைக்கூட எடுத்துவிடுகிறோம். இவன் எங்கே போகப்போகிறான், அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுவான், இல்லை ராத்திரி வீட்டுக்கு வந்து வம்பிழுப்பான் என்று நிச்சயமாக நம்புகிற ஆளின் அழைப்பைத்தான் கோபத்தில் விடுகிறோம். அன்றைக்கு அவனுக்கும் அது தெரிந்திருக்கும், எத்தனை முறை அவன் உங்கள் அழைப்பை எடுக்காமல் விட்டிருப்பான்! இதை நீங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மாவிடமோ அப்பாவிடமோ இப்போது வேண்டாம், தோழியிடம், இல்லை ஒரு மனநல ஆலோசகரிடம். 14 மாதம் தனியாகச் சுமந்தது போதும்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லத் தேவையில்லை. பழக நினைப்பவர்களிடம், "ஒரு தம்பி, இப்ப இல்ல" என்று சொல்லுங்கள். அவர்கள் தடுமாறுவார்கள், ஒரு நிமிடம் தடுமாறட்டும், அதைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால் "ஒரு தம்பி" என்று நிறுத்திக்கொள்ளலாம். அது பொய் கிடையாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அம்மா அறையை மாற்ற விடாததும் நாள் முழுக்கப் பேசுவதும் எனக்குப் பயம் தரவில்லை. அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, ஒரு வேலையாவது செய்கிறாரா என்று பாருங்கள். ஒரு வருடம் தாண்டிய பிறகும், ஏறக்குறைய தினமும், இழந்த நாளில் இருந்த அதே தீவிரத்தில் துக்கம் அடித்து, வாழ்க்கையையே முடக்கிப் போட்டால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022-இல் இதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகவே சேர்த்திருக்கிறார்கள், இதற்கென்று பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது. அப்பாவையும் விட்டுவிடாதீர்கள், பேசாத மனிதர்கள் குடியிலோ வேலையிலோ தங்களைப் புதைத்துக்கொண்டால் வெளியே தெரிய நாளாகும். உங்களையும் சேர்த்து, யார் வாயிலாவது "நானும் போய்விட்டால் தேவலை" என்ற பேச்சு வந்தால் நாள் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பிறந்தநாள் முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அம்மா அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட அதில் வேண்டாம். அந்தச் சார்ஜர் கடைசியில் கிடைத்ததா, இல்லையா? அவன் எடுத்தது அது எத்தனையாவது சார்ஜர்?