கியர் லீவர் ஆட்டமும் புஷ் மாற்றமும்: கேள்வி பதில்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் 26 ஆண்டுகளாகக் கார்ப் பட்டறை நடத்திவருகிறேன். கியர் லீவரின் ஆட்டத்தைப் பற்றியும் அதன் இணைப்புகளில் உராய்வைத் தாங்கும் சிறு வளையங்களான புஷ்களைத் தரமானவையாக மாற்றிக்கொள்வது பற்றியும் நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே விடை எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை, ஓர் ஆசிரியை: எனது 10 ஆண்டுப் பழைய காரில் கியர் லீவர் தளதளவென்று ஆடுகிறது. மூன்றாம் கியர் என்று நினைத்துத் தள்ளினால் ஐந்தில் போய் விழுகிறது. புஷ் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அந்தப் புஷ் எங்கே இருக்கிறது, ஐயா?

ஒன்றல்ல அம்மா, பல இருக்கின்றன. என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரம் இழுக்கும் இன்றைய பெரும்பாலான கார்களில் உங்கள் கையிலுள்ள லீவருக்கும் பானட்டுக்குள் இருக்கும் கியர் பெட்டிக்கும் இடையே இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. லீவரை இடம் வலமாக நகர்த்தும்போது ஒரு கேபிள் எந்தக் கியர் வரிசை என்பதைத் தேர்கிறது. முன்னும் பின்னும் தள்ளும்போது மற்றது கியரைப் போடுகிறது. இந்தக் கேபிள்களின் நுனிகள் ஒவ்வொன்றும் ஒரு பின்னில் (சிறு இரும்பு முளையில்) மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறு புஷ் இருக்கும். லீவரின் அடிக்குண்டு உட்காரும் கிண்ணம் ஒன்று, லீவர் கூட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றி ரப்பர் வளையங்கள் சில. பழைய மாருதி 800-இல் கேபிளுக்குப் பதிலாக இரும்பு ராடுகள் இருந்தன. அவற்றின் இணைப்புகளிலும் புஷ் உண்டு.

சிறு தேய்மானம் கைக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், லீவர் ஒரு நெம்புகோல். குண்டிலிருந்து கேபிள் மாட்டும் இடம் 40 மில்லிமீட்டர், கைப்பிடி 240 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழே 1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மேலே 6 மில்லிமீட்டர் ஆடும்.

நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் தாராளமாக அசைவது இயல்பு. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என்ஜினை அணைத்து, கை பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் விட்டு, வீட்டில் ஒருவரை உள்ளே உட்கார்ந்து லீவரை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானட்டைத் திறந்து, கியர் பெட்டியின் மேல் கேபிள் நுனிகள் மாட்டியிருக்கும் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளின் கண், அதாவது நுனி வளையம், நகர்ந்தும் அந்தப் பின் நகராமல் நின்றால் குற்றவாளி அந்த நுனிப் புஷ். அங்கே எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஆட்டம் லீவரின் அடியில் இருக்கிறது. எந்தப் புஷ் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

அரியாங்குப்பம்: முதல் கியரும் ரிவர்ஸும் போடும்போது கர்ரென்று சத்தம் வருகிறது, லீவரும் முரண்டு பிடிக்கிறது. புஷ் செட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பொறுங்கள். புஷ் தேய்ந்தால் லீவர் ஆடும். பல் உரசும் சத்தத்துக்குப் பெரும்பாலும் அது காரணமாகாது. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கடலூர் முதுநகர், மீன் ஏற்றும் சிறு வேன் வைத்திருப்பவர்: ரப்பர் புஷ் எனக்கு ஒன்றரை ஆண்டுகூடத் தாங்கவில்லை. பி.யூ. போடுவதா, நைலான் போடுவதா, டெல்ரின் போடுவதா?

நல்ல கேள்வி, நம் கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ரப்பர் அதிர்வை விழுங்கும், விலையும் குறைவு. ஆனால் வெப்பத்திலும் எண்ணெயிலும் உப்பிக் கூழாகிவிடும். பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கடினமானது. லீவர் கூட்டின் அடியிலுள்ள வளையங்களுக்கு அதைத் தாராளமாகப் போடலாம். நுனிப் புஷ் பின்னின் மேல் சுழல வேண்டியிருப்பதால் அங்கே வழுக்கும் பொருள்தான் தேவை. அதற்கு நைலானைவிட டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் மேல் என்பது என் முடிவு. நைலான் 6 முழுதும் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். டெல்ரின் ஏறத்தாழ 1 சதவீதத்தோடு நின்றுவிடும். கோடையில் சரியாகக் கடைந்து போட்ட நைலான் புஷ் ஐப்பசி மழையில் பின்னை இறுகக் கவ்விக்கொண்டு கியர் கனப்பதற்கும், தை மாதம் தானாகச் சரியாவதற்கும் வேறு மர்மம் எதுவும் இல்லை.

ஒரு வேண்டுகோள்: ரப்பர் புஷ்ஷுக்குப் பேரிங் கிரீஸ் தடவாதீர்கள். ரப்பருக்கும் பி.யூ.வுக்கும் சிலிகான் கிரீஸ் மட்டுமே. உங்கள் புஷ் ஒன்றரை ஆண்டில் போனதற்கு மீன் தண்ணீரைவிடக் கிரீஸ் டப்பாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

வில்லியனூர்: செட் என்ன விலை?

வண்டியின் பெயரே சொல்லவில்லையே, தம்பி.

புதுச்சேரி, ஆலையில் லேத் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்: பிளாஸ்டிக்கைப் பற்றி இவ்வளவு புகழ்ச்சி எதற்கு? ஒரு கன்மெட்டல் (செம்புக் கலவை) கட்டியை லேத்தில் ஏற்றி அரைமணியில் கடைந்து தருகிறேன். வண்டி இருக்கும்வரை அது இருக்கும்.

அதுதான் என் பயமும், ஐயா. உங்கள் கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புஷ் தேய்வதற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு; அது தேயாவிட்டால் அதற்குள் நிற்கும் பின் தேயும். அந்தப் பின் கியர் பெட்டியின் லீவரோடு சேர்ந்தே வருவது. புஷ்ஷின் விலைக்கும் அதன் விலைக்கும் எட்டாத தூரம். அதோடு, உப்புக் காற்றின் ஈரம் கோத்த இடத்தில் செம்புக் கலவையும் இரும்பும் ஒட்டி நின்றால் முதலில் அரிபடுவது இரும்பே. கன்மெட்டல் பளபளவென்று இருக்க, அதற்குள் பின் துரு தின்று ஒரு பக்கம் பட்டையாகிப்போனதைக் கழற்றி என் மேசைமேல் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.

நெய்வேலி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி வரும்போது லீவர் திடீரென்று கொடகொடவென ஆடி, எந்தக் கியரும் விழாமல் போய்விட்டது. வண்டியை இழுத்து வர வேண்டியதாயிற்று. வேறு வழி இருந்ததா?

இருந்தது. அநேகமாக நுனிப் புஷ் உடைந்து, கேபிள் பின்னைவிட்டுக் கழன்றிருக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை அணைத்து, சூடு ஆறிய பின் பானட்டைத் திறந்தால் கழன்ற கண் தொங்குவது தெரியும். அதைப் பின்னில் மாட்டிக் கட்டுக்கம்பியாலோ பிளாஸ்டிக் டையாலோ இறுக்கிவிட்டால் மெதுவாக ஊர் வந்து சேரலாம். மாட்டவே முடியாவிட்டால், கியர் பெட்டியின் மேலுள்ள லீவரைக் கையாலேயே நகர்த்தி இரண்டாம் கியரில் விட்டு, கிளட்ச்சை முழுதும் மிதித்து என்ஜினைக் கிளப்பி, அந்த ஒரே கியரில் பக்கத்து ஊர்வரை வரலாம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிளட்ச்சை மிதித்தே நிற்க வேண்டும்.

லேத் ஐயா மீண்டும்: நீங்கள் காட்டும் பின் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கும். பழியைக் கன்மெட்டல்மேல் போடாதீர்கள். எண்ணெய்க்காடி வெட்டி, மேலே ஒரு ரப்பர் உறை போட்டால் உப்பு எங்கிருந்து வரும்? நாங்கள் ஆலையில் வைத்த புஷ்கள் பல ஆண்டு ஓடவில்லையா?

ஓடின, தினமும் எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் சுற்றி வந்தார் என்பதால் ஓடின. கார்க்காரர் மாதம் ஒருமுறையாவது பானட்டைத் திறந்தாலே பெரிது. ஆனால் ரப்பர் உறை பற்றி நீங்கள் சொன்னது சரி. உறையும் கிரீஸும் இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். பெரும்பாலான கேபிள் நுனிகளில் அந்த உறைக்கு இடமே இல்லை என்பதுதான் சிக்கல்.

ரெயின்போ நகர்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது என் கார் கதவின் பாதிவரை தண்ணீரில் நின்றது. சில மாதங்களில் கியர் கனத்துவிட்டது. புஷ் மாற்றியும் பயனில்லை.

இருக்காது, உங்கள் நோய் கேபிளுக்குள் இருக்கிறது. வெளி உறைக்குள் புகுந்த நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். இரண்டு நுனிகளையும் கழற்றிக் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிள் விரலுக்கே வழுக்கிக்கொண்டு வரும், உங்களுடையது நறநறவென்று வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கேபிளை மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைக்க முயல வேண்டாம். கியர் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். அது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் கியர் பெட்டியின் மூச்சுக்குழாய் (காற்று போகும் துளை) வழியாக உள்ளேயும் தண்ணீர் போயிருக்கிறது.

பண்ருட்டி: எந்த புஷ் நல்லது, என்ன விலை ஆகும்?

முதுநகர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். வில்லியனூருக்குச் சொன்னதையும் படியுங்கள்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, நானே மாற்றலாமா?

நுனிப் புஷ் என்றால் மாற்றலாம். சமதரையில் நிறுத்திக் கை பிரேக் போட்டு, இரண்டு பின்சக்கரங்களுக்கும் கல் வையுங்கள். கேபிள் கழன்றபின் கியரைப் போட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறோம் என்ற நினைப்பு உதவாது. கழற்றும் முன் கேபிளின் அட்ஜஸ்டர் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் மாறினால் புதுப் புஷ்ஷோடும் கியர் தவறிப்போகும். கண்ணை இருபுறமும் சமமாக நெம்பி எடுங்கள். ஒரு பக்கமாக நெம்பினால் கேபிள் மடங்கும். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பொருத்தமான சாக்கெட் ஒன்றை முட்டுக் கொடுத்து வைஸில் மெல்ல அழுத்தினால் நேராக இறங்கும். ரப்பர் என்றால் பேரிங் கிரீஸ் வேண்டாம் என்பதை இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்: ரப்பர் புஷ்ஷுக்குப் பேரிங் கிரீஸ் போடலாமா?

மூன்றாம் முறை: கூடாது.

கோரிமேடு: பி.யூ. போட்டால் என்ஜின் அதிர்வு கைக்கு வருமா?

கேபிள் வண்டியில் சிறிதளவே. கேபிளே அதிர்வின் பெரும்பகுதியை வழியிலேயே தின்றுவிடுகிறது. ராடு வண்டியில் என்ஜின் குலுங்கும்போதெல்லாம் லீவரும் குலுங்கும்; அதில் ரப்பரையே வையுங்கள்.

லேத் ஐயா மூன்றாம் முறை: சரி, சுழலும் இடத்தில் உங்கள் டெல்ரினே இருக்கட்டும். லீவர் கூட்டின் அடியில் எதுவும் சுழலவில்லையே. அங்கே உலோகம் போட்டால் என்ன குற்றம்?

ஒரு குற்றமும் இல்லை. அங்கே நீங்கள் வென்றீர்கள். அந்த வளையங்கள் சுழலவோ தேயவோ வேண்டியதில்லை, கூட்டை அசையாமல் பிடித்தால் போதும். கேபிள் வண்டிகளில் அவற்றைக் கெட்டியாக ஆக்குவது நல்ல மேம்பாடே. கன்மெட்டல் வீண் செலவு, அலுமினியத்தில் கடையுங்கள்; போல்ட்டுக்கும் அதற்கும் நடுவே துரு தடுக்கச் சிறிது கிரீஸ் வையுங்கள். டெல்ரின் நுனிப் புஷ்ஷும் எனக்கு நான்கு கடைந்து தர வேண்டும்: 10 மில்லிமீட்டர் பின்னுக்கு உள்விட்டம் 10.1. வெர்னியர் அளவுகோலை நம்பாமல் பின்னையே போட்டுப் பார்த்து, சொந்தக் கனத்தில் மெல்ல இறங்குகிறதா என்று சோதித்து அனுப்புங்கள்.

அரியாங்குப்பம் மீண்டும்: அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன், ஐயா. ஐந்து கியரும் ரிவர்ஸும் வெண்ணெய்போல் விழுகின்றன. என்ஜினைக் கிளப்பினால்தான் மீண்டும் அந்த முரண்டு.

அப்படியானால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் கிளட்ச் என்றால் அதன் இறுக்கத்தையும், ஆயில் கிளட்ச் என்றால் ஆயில் அளவையும் கசிவையும் முதலில் பாருங்கள். புஷ் செட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள்.