நியூ ஜெர்சியில் வசிக்கிறேன்; யூட்டா அல்லது ஃப்ளோரிடா மாநிலத்தின் துப்பாக்கி அனுமதிக்கு எந்தப் பயிற்சிச் சான்றிதழ் செல்லும்?

நீங்கள் கிரீன் கார்டு வைத்திருப்பதாகவும், ஃப்ளோரிடாவில் உள்ள உறவினர் வீட்டுக்கு அடிக்கடி காரில் போய் வருவதாகவும், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வெளிமாநில அனுமதி பெற விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் காணொளியாகப் பார்த்து முடித்த ஒரு வகுப்பின் சான்றிதழை யூட்டாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் அது செல்லாது. பயிற்சியை எந்த ஊரில் பெற்றீர்கள் என்பது பெரிதல்ல. அனுமதி வழங்கும் மாநிலத்தின் சட்டம் எதைப் பயிற்சி என்று ஏற்கிறதோ அது மட்டுமே கணக்கில் வரும், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

பயிற்சிக்குள் போகும் முன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டமே தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் அடங்காதவர், நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் சட்டத்தின் பார்வையில் அது வைத்திருந்ததாகவே ஆகிவிடும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இக்குற்றத்துக்குப் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு, நாட்டை விட்டு வெளியேற்றப்படும் ஆபத்தும் உண்டு. வார இறுதிப் பொழுதுபோக்காக நம்மவர் பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி யூட்டா. அம்மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் குற்ற அடையாளப் பிரிவு இந்த அனுமதியை வெளிமாநிலத்தவருக்கும் வழங்குகிறது. ஐந்து ஆண்டுகள் செல்லும். பயிற்சி அளிப்பவர் யூட்டாவிடமே சான்று பெற்ற பயிற்சியாளராக இருக்க வேண்டும், வகுப்பு நேரில் நடக்க வேண்டும். ஆனால் அதற்காக யூட்டாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை, ஏனெனில் அம்மாநிலச் சான்று பெற்ற பயிற்சியாளர்கள் நாடு முழுவதும் வகுப்பு எடுக்கிறார்கள். நான் பென்சில்வேனியாவில் வசிப்பவன். எங்கள் ஊருக்கு அருகே ஒரு சுடுதளத்தை ஒட்டிய வகுப்பறையிலேயே அதை முடித்தேன். வகுப்பின் இறுதியில் பயிற்சியாளர் தம் கையொப்பத்தையும் யூட்டா முத்திரையையும் படிவத்தில் இடுகிறார். அந்தச் சான்று ஓராண்டுக்குள் விண்ணப்பத்தோடு போய்ச் சேர வேண்டும்.

அந்த வகுப்பில் உண்மையான தோட்டாவால் சுட வேண்டும் என்ற கட்டாயம் யூட்டாவில் இல்லை. துப்பாக்கியைப் பாதுகாப்பாக நிரப்புவது, காலி செய்வது, பூட்டி வைப்பது, உடலில் வைத்துக்கொள்வது ஆகியவையும், தற்காப்புக்காக எந்த அளவு வன்முறையைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் பாடங்கள். எங்கள் பயிற்சியாளர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கால் ஆன போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்துத் துப்பாக்கியைக் காலி செய்யச் சொன்னார். முதலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் உள்ளிருந்த தோட்டா வெளியே துள்ளி விழும், ஆனால் ஸ்லைடு முன்னேறும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும், அதன் பின் மேகசினைக் கழற்றினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். தரையில் விழுந்த தோட்டாவைக் கண்ணால் பார்த்தவர் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார். ஸ்லைடைத் திறந்த நிலையில் பிடித்து, தோட்டா அமரும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கும் வரை அவர் யாரையும் மேசையை விட்டு நகர விடவில்லை. எந்தக் காணொளியும் இதைக் கைக்குக் கற்றுத் தராது என்பதே என் உறுதியான கருத்து.

யூட்டா விண்ணப்பத்தில் பலரும் தடுமாறும் ஒரு விதி 2011இல் வந்தது. நீங்கள் வசிக்கும் மாநிலம் யூட்டா அனுமதியை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் உங்கள் மாநிலத்தின் அனுமதியைப் பெற்று அதன் நகலை இணைத்தாக வேண்டும். டெக்சாஸில் வசிப்பவருக்கு இந்த நிபந்தனை உண்டு. நியூ ஜெர்சி வேறெந்த மாநிலத்தின் அனுமதியையும் ஏற்பதில்லை என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது.

ஃப்ளோரிடாவில் உரிமம் வழங்குவது வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். உரிமம் ஏழு ஆண்டுகள் செல்லும். குடிமக்களோடு நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பயிற்சியாக அது ஏற்கும் பட்டியல் நீளமானது: தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் எந்தப் பாதுகாப்பு வகுப்பும் செல்லும், பிற மாநில அரசு அமைப்பு அங்கீகரித்த வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் செல்லும், இராணுவப் பணி அனுபவமும் செல்லும். பட்டியல் இவ்வளவு தாராளமாக இருப்பதால்தான் இணையச் சான்றிதழும் போதும் என்ற எண்ணம் பரவுகிறது. ஆனால் துப்பாக்கி வகுப்பை நடத்திச் சான்றளிக்கும் பயிற்சியாளர், மாணவர் தம் கண்முன்னே துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாண்டு உண்மையான தோட்டாவால் சுட்டதைத் தாமே பார்த்ததாகப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. ஆகவே சுடுதளத்துக்குப் போகாமல் கிடைத்த யூட்டா வகுப்புச் சான்றை ஃப்ளோரிடாவுக்கும் சேர்த்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

வேறு மாநிலங்களையும் யோசிப்பதாக இருந்தால், அரிசோனாவை விட்டுவிடுங்கள். அங்கே விண்ணப்பிக்க அம்மாநிலத்தில் வசிக்க வேண்டும் அல்லது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வர்ஜீனியா வெளிமாநிலத்தவருக்கு அனுமதி தருகிறது, ஆனால் 2021 ஜனவரி 1 முதல் இணைய வகுப்புகளை ஏற்பதில்லை.

நீங்கள் போகும் சாலையில் உள்ள மேரிலாந்து முற்றிலும் வேறு வகை. அது பிற மாநில அனுமதி எதையும் ஏற்பதில்லை; தன் அனுமதிக்கு 16 மணி நேர வகுப்பையும், குறைந்தது 25 தோட்டாக்கள் சுட்டு 70 சதவீதம் பெறும் தேர்வையும் கேட்கிறது. எங்கள் பென்சில்வேனியாவோ உரிமத்துக்கு எந்தப் பயிற்சியும் கேட்பதில்லை. ஒரே துப்பாக்கி, அடுத்தடுத்த இரண்டு மாநிலங்கள், இவ்வளவு இடைவெளி. மேரிலாந்தின் அளவே பொறுப்பானது என்று நான் நினைக்கிறேன். சட்டம் கேட்காவிட்டாலும் அந்த அளவுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். இந்த அனுமதி ஓட்டுநர் உரிமம் போல எல்லா மாநிலத்திலும் செல்லுவது அல்ல. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா உரிமத்தை நம்பித் துப்பாக்கியோடு நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டி வந்தார், போலீஸ் வண்டியை நிறுத்தியபோது தாமாகவே முன்வந்து துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைது செய்யப்பட்டார். கட்டாயச் சிறைத்தண்டனையின் விளிம்பு வரை சென்ற அந்த வழக்கு, 2015இல் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கியதோடுதான் முழுமையாகத் தீர்ந்தது. யூட்டா அனுமதி உங்கள் கையில் இருந்தாலும் நியூ ஜெர்சிக்குள் அது உங்களைக் காக்காது. அங்கே துப்பாக்கியை உடலில் வைத்துக்கொள்ள அம்மாநில அனுமதியே வேண்டும்.

இடைப்பட்ட மாநிலங்களைக் கடப்பதற்கு 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒரு வழி தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாக்களும் இருக்கையிலிருந்து கைக்கு எட்டாதபடி டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும், டேஷ்போர்டு அறையைப் பெட்டியாகக் கொள்ள முடியாது.

ஃப்ளோரிடாவில் 2023 ஜூலை முதல் உரிமமின்றியே, தகுதியுள்ள வெளிமாநிலத்தவர் உட்பட, மறைத்து எடுத்துச் செல்லலாம். அப்படியானால் உரிமம் எதற்கு என்று கேட்பீர்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அப்பள்ளி இருக்கும் மாநிலமே உரிமம் தந்தவர்களுக்கு அது விலக்களிக்கிறது. நகரச் சாலையில் ஆயிரம் அடிக்குள் பள்ளி வராத பாதை அரிது. உங்கள் உறவினர் வீடு ஃப்ளோரிடாவில் என்பதால், உங்களுக்குப் பயன்படப்போவது ஃப்ளோரிடா உரிமமே. யூட்டா அனுமதி அதன் பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியது.

எனவே தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் சான்று பெற்ற பயிற்சியாளர் ஒருவரைத் தேடி, சுடுதளப் பயிற்சி சேர்ந்த நேரடி வகுப்பில் முதலில் சேருங்கள். பணம் கட்டும் முன் அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நான் சுடுவதை நீங்களே நின்று பார்ப்பீர்களா, சான்றிதழில் உங்கள் பெயரும் சான்று எண்ணும் கையொப்பமும் இருக்குமா? இரண்டுக்கும் தயங்காமல் ஆம் என்பவரிடம் படியுங்கள். யூட்டாவும் வேண்டுமென்றால் அம்மாநிலச் சான்றும் உள்ளவரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஒரே இடத்தில் வேலை முடியும்.