இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். இவள் மட்டும் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், முதியோர் பராமரிப்பில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள்.

என் அம்மாவுக்கு வயது 82. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். இரவில் அலாரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, அப்பாயியைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். தூக்கம் கெடுகிறது என்று அம்மா அவளைத் திட்டித் தீர்க்கிறார். "இந்த வேலைக்குப் பொறுமையும் பாசமும் போதாதா? இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். மகள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். நான் கேட்டது தவறா?

இன்னொன்று. நேற்று அம்மாவின் குதிகாலில் கருத்த தடம் ஒன்றைப் பார்த்தோம். எண்ணெய் தடவி நீவிவிடலாமா என்று என் மனைவி கேட்கிறாள். மகள் இரவுப் பணியில் இருக்கிறாள். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், புதுக்கோட்டை

*

அன்புள்ள ஐயா,

தவறில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஆனால் நீங்கள் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டீர்களோ, அந்தக் கட்டிலைப் பற்றித்தான் செவிலியர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல்தான் உங்கள் மகள் எழுந்து போயிருப்பார்.

நான் அலாரத்திலிருந்து தொடங்குகிறேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஏன் மூன்று இல்லை, நான்கு இல்லை?

அதற்குமுன் கொஞ்சம் சொந்தக் கதை. 1990களின் தொடக்கத்தில் என் அப்பா பக்கவாதம் வந்து ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். தினமும் காலையில் ஒரு சிஸ்டர் வந்து முதுகில் ஸ்பிரிட் தேய்ப்பார், அழுத்தி நீவிவிடுவார், பவுடர் போட்டுவிட்டுப் போவார். வார்டு முழுக்க அந்த வாசனைதான். ஏதோ நடக்கிறது என்று எங்களுக்கு நிம்மதி. மருந்துக்கடையில் நடுவே ஓட்டையுள்ள காற்று வளையம் ஒன்றை வாங்கி வந்து இடுப்புக்குக் கீழே வேறு வைத்தோம். மூன்றாவது வாரம் வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அதில் என் கட்டைவிரல் புகும். அந்தச் சிஸ்டரிடம் எனக்குக் குறையே இல்லை. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருந்தார்கள், தமக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தார்கள். சொல்லிக்கொடுத்த பாடமே பிழை என்று அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நர்ஸ் காட்டியிருந்தார் என்பதைப் பிற்பாடு வாசித்தபோதுதான் ஆத்திரம் வந்தது.

அவர் பெயர் டோரின் நார்ட்டன், இங்கிலாந்துக்காரர். நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இலேயே எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு நூறு ஆண்டுகளாக நர்ஸ்களைத் திட்டினார்களே தவிர, பராமரிப்பில் எது குற்றம் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் இல்லையென்றே சொல்லலாம். நார்ட்டன் எண்ணினார். மருத்துவமனையில் இருந்த 250 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, எக்ஸ்டன்-ஸ்மித் என்ற முதியோர் மருத்துவர் உள்ளிட்ட சகாக்களோடு 1962 இல் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புண் வந்திருந்தது. தோலில் பூசுவதற்கென்று புழக்கத்தில் இருந்த பொருள்களையும் சோதித்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலனும் இல்லை. அடிக்கடி இடம் மாற்றிப் படுக்க வைத்தவர்களுக்குத்தான் புண் குறைந்தது.

காரணம் எளியது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. அங்குள்ள நுண்ணிய குழாய்களில் இரத்த ஓட்டம் நின்று, சதை உள்ளிருந்தே சாகத் தொடங்குகிறது. நீங்களும் நானும் தூக்கத்தில் தானாகப் புரண்டு தப்பித்துவிடுகிறோம். உங்கள் அம்மாவால் முடியாது. நான் வாங்கி வந்த காற்று வளையம் ஓரிடத்து அழுத்தத்தை எடுத்து அதைச் சுற்றிலும் வட்டமாக வைத்ததுதான் மிச்சம். ஸ்பிரிட் தோலை வறட்டியது.

நார்ட்டனின் ஆய்வில் இன்னொன்றும் கிடைத்தது. யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஒரு மதிப்பெண் அட்டவணை. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் தலா நான்கு மதிப்பெண், மொத்தம் இருபது. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் எச்சரிக்கை. கணக்கராக இருந்த உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிறகு 1987 இல் அமெரிக்காவில் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு செவிலிய ஆய்வாளர்கள் சத்துணவு, தோலின் ஈரம், உடலை இழுக்கும்போது ஏற்படும் உராய்வு எல்லாவற்றையும் சேர்த்து வேறொரு அளவுகோலை வெளியிட்டார்கள். பிரேடன் ஸ்கேல் என்றால் உங்கள் மகளுக்கு உடனே தெரியும்.

இனி உங்கள் அம்மா திட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. படுக்கைப்புண்ணுக்குப் பயந்து ஒரு கிழவியை இரவில் நான்கு முறை எழுப்புவது சரியா? தூக்கம் கெட்ட முதியவருக்குப் பகலில் உணவு இறங்காது, குழப்பமும் வரும். இதையும் செவிலியர்கள்தான் கேட்டார்கள். பெல்ஜியத்தில் டாம் டெஃப்லூர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தைப் பரப்பிவிடும் நுரை மெத்தையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டியவர்களுக்கு, சாதாரண மெத்தையில் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டியவர்களைவிடக் குறைவாகவே புண் வந்தது. 2013 இல் அதே பெர்க்ஸ்ட்ராம் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார். இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. எல்லோரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். மூன்று வாரம் பார்த்ததில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. புண் வரும் ஆபத்தை அளவிடும் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரே புரட்டும் மரபைச் சோதனைக்கு வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் ஊரில் மரபைச் சோதிப்பவரை மரபின் எதிரி என்போம்.

இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே அலாரத்தை அணைத்துவிடாதீர்கள். உங்கள் அம்மா படுத்திருப்பது எந்த மெத்தை? அமுங்கிக் கட்டிதட்டிய இலவம்பஞ்சு மெத்தையா, தென்னைநார் மெத்தையா? அவற்றின் மேல் நான்கு மணி நேரம் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நல்ல மெத்தை வாங்கினால் எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டலாம் என்பதை மருத்துவரோடும் மகளோடும் கலந்து முடிவு செய்யுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலிலும் பாயிலும் பஞ்சு மெத்தையிலும், வெயில் காலத்தில் வியர்வை ஊறிய சேலையோடு படுத்திருக்கும் நம் முதியவர்களுக்கு எத்தனை மணி நேரம்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலோ பெல்ஜியத்திலோ இருந்துகொண்டு இதை யாரும் நமக்காக எண்ணித் தர மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியர்கள் வீடு தேடிப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் குறிப்பேட்டோடு போனால் போதும், ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

பால்டிமோர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த சாரா சான்டன், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்த செவிலியர். மாத்திரையைச் சரிபார்க்கப் போன இடத்தில், மாடிப்படிக் கைப்பிடி ஆடுவதும், தரை பெயர்ந்து கிடப்பதும், குளியலறைக்குள் போக முடியாமல் மனிதர்கள் திண்டாடுவதும் அவர் கண்ணில் பட்டன. அவர் உருவாக்கிய திட்டத்தில் ஒரு செவிலியர், அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குகிற ஒரு தொழில்வழி சிகிச்சையாளர், கூடவே ஆணி அடித்து மரவேலை பார்க்கிற ஓர் ஆள். நான்கைந்து மாதத்தில் சுமார் பத்து முறை வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் நோயின் பெயரைக் கேட்பதில்லை, உங்களுக்கு எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். குறைந்த வருமானமுள்ள 300 முதியவர்களிடம் நடந்த சோதனை 2019 இல் வெளியானது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் இருந்த சிரமம், இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படாத பிரிவினரோடு ஒப்பிட்டால் 30 சதவீதம் குறைந்திருந்தது. சுவரில் ஒரு கைப்பிடி பதிப்பதை ஆய்விதழில் சேர்க்கத்தக்க சிகிச்சையாக நிறுவ ஒரு நர்ஸ் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுக் குளியலறையில் கைப்பிடி இருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. என் வீட்டிலும் இல்லை.

படிப்பு வீண் என்ற உங்கள் எண்ணத்துக்கு ஒரு கணக்கு மட்டும். லிண்டா எய்க்கன் என்ற செவிலிய ஆய்வாளர் தலைமையில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட, ஐம்பது வயது கடந்த நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2014 இல் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அது 7 சதவீதம் குறைந்தது. பட்டம்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, நல்ல மருத்துவமனைகள் படித்தவர்களை அதிகம் சேர்த்திருக்கலாம். என்றாலும் முப்பது படுக்கைக்கு இருவர் என்ற என் அப்பாவின் வார்டை நினைக்காமல் அந்த எண்களை என்னால் படிக்க முடியவில்லை.

ஜெர்மனிக்குப் போவதும் நல்லதுதான், போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் மகள் போக விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குதிகால். எண்ணெய் தடவி நீவ வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் உடனே சொல்லுங்கள். உள்ளே நசுங்கிய சதையை நீவினால் இன்னும் சேதமாகும். பாடநூல்கள் 'தோல் சிவக்கும், அழுத்தினால் வெளுக்காது' என்று எழுதுகின்றன. அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கருத்தோ ஊதா ஓடியோ தெரியும், தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். நீங்கள் பார்த்த தடம் அதுவாக இருக்கலாம், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், குதிகாலுக்கு அடியில் வைக்காதீர்கள். குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அடியில் ஒரு காகிதத்தை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போய் வர வேண்டும்.

அன்புடன்