யூதர் படுகொலைப் பாடத்தில் சிரிக்கும் பிள்ளைகள்

சுங்கை சிப்புட்டில் உங்கள் படிவம் 4 பிள்ளைகள் யூதர் படுகொலைப் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள், டீச்சர். திட்டாதீர்கள், பாதி கூச்சச் சிரிப்புதான். பிணக்குவியல் படங்களை இப்போதைக்கு ஓரம் வையுங்கள்.

சயாம் மரண ரயிலில் தொடங்குங்களேன். 1942-43இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. நம் மலாயா ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ‘நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா?’ என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜெர்மனி. இரண்டும் ஒன்றென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே ஹிட்லரின் நாஜிகள் ஓர் இனத்தையே அழிக்கத் திட்டம் போட்டார்கள். 1935இல் நியூரம்பெர்க் சட்டம் யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததைச் சொன்னபோது, மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை வீட்டுப் பிள்ளை ஒன்று என் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தது.