அகலச் சக்கரம் பொருந்துமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய மோட்டார் சைக்கிள் பழையது. பின்சக்கரம் 18 அங்குல ஸ்போக்ஸ் ரிம், அதில் 3.00-18 டயர் ஓடுகிறது. பிற்காலத்து மாடல் ஒன்றின் 17 அங்குல அலாய் வீல், 130/70-17 டயருடன் கைக்கு வந்திருக்கிறது. இதை அப்படியே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே மாட்ட முடியாது. என்னென்ன இடிக்கும் என்பதை அளந்து பார்த்தால் நீங்களே இந்த முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டயரின் மீதுள்ள எண்களில் 130 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம் என்பதைக் குறிக்கிறது, அதாவது 91 மி.மீ. 17 அங்குல ரிம்மின் விட்டம் 432 மி.மீ. என்பதால், மேலும் கீழும் 91 சேர்த்தால் மொத்தம் 614 மி.மீ. வருகிறது. உங்களுடைய 3.00-18 டயரும் ஏறத்தாழ 620 மி.மீ. உயரம்தான். ஆகவே வண்டி தாழ்ந்துவிடாது, கியர் விகிதத்திலும் வித்தியாசம் தெரியாது.

சிக்கல் முழுவதும் அகலத்தில் இருக்கிறது. பழைய டயர் சுமார் 80 மி.மீ. அகலம் என்றால் புதியது 50 மி.மீ. கூடுதல்; அதில் பாதியான 25 மி.மீ. செயின் இருக்கும் பக்கமாக வரும். பலர் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கவை போன்ற சட்டம்) இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அளந்துவிட்டு, டயர் நுழைந்துவிடும் என்று மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் டயர் முதலில் உரசப்போவது இரும்பில் அல்ல, செயினில். அளக்கும்போது சக்கரத்தை, ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நகரும் ஸ்லாட்டில் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்து அளக்க வேண்டும். ஸ்விங் ஆர்ம் முன்னோக்கிச் செல்லச் செல்லக் குறுகும் வண்டிகள் உண்டு என்பதால், பின்னால் இழுத்து வைத்து அளந்தால் இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும்.

இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. செயினில் உரசாமல் இருப்பதற்காகச் சக்கரத்தை மறுபக்கமாக நகர்த்தி, ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டு இறுக்கிவிடுகிறார்கள். முன்சக்கரம் ஒரு கோட்டிலும் பின்சக்கரம் இன்னொரு கோட்டிலும் ஓடும் வண்டி நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். சக்கரம் நடுவில் இருந்தாக வேண்டும். நகர வேண்டியது செயின்தான். அதற்காக, பின்பக்க ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) அடியில் தட்டு வைத்து வெளியே கொண்டுவந்து, அதே அளவுக்கு எஞ்சின் பக்கத்து ஸ்பிராக்கெட்டையும் வெளியே கொண்டுவர வேண்டும். சில மில்லிமீட்டர் வரை இது சரி. 25 மி.மீ. தள்ளினால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியில் நெம்புகோல் போலச் சுமை விழும். அதன் பேரிங்கும் ஆயில் சீலும் நீண்ட நாள் தாங்கா.

மாட்டி முடித்த பிறகு இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு நேரான இரும்புப் பட்டையைப் பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் அது முன் ஸ்பிராக்கெட்டின் முகத்தையும் ஒட்டிச் செல்ல வேண்டும். அடுத்து, ஒரு நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரு பக்கமும் முன்னோக்கி இழுத்து, பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொடும்படி பிடித்தால், குறுகலான முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் செயின் கோணலாக ஓடுகிறது என்று பொருள்.

மட்கார்டையும் மறக்காதீர்கள். என் வண்டியில் அகலமான டயர் போட்டபோது, தனியாக ஓட்டிய வரை எந்தச் சத்தமும் வரவில்லை. பின்னால் ஆள் ஏறி ஒரு வேகத்தடையில் இறங்கியதும் ‘சர்ர்’ என்றது. மட்கார்டை இறுக்கும் போல்ட் ஒன்றின் மரைமுனை உட்புறமாக நீட்டிக்கொண்டிருந்தது. டயரின் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு பள்ளம் கோடாக விழுந்திருந்தது. போல்ட்டைத் திருப்பி, அதன் தலை உள்ளே வரும்படி மாட்டியதில் தீர்ந்தது. சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிய நிலையில் இடைவெளி பார்க்க வேண்டும் என்பதை ஒரு டயரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: எனக்குக் கிடைத்த சக்கரத்தின் ஆக்ஸில் 20 மி.மீ.; என் வண்டியின் ஆக்ஸில் 15 மி.மீ. லேத்தில் புஷ் (துளையைச் சிறிதாக்கும் உள்வளையம்) கடைந்து போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: புஷ் கடைவதற்கு முன் பேரிங்கின் எண்ணைப் படியுங்கள், அது பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். உங்கள் சக்கரத்தில் இருப்பது 6004 என்று வைத்துக்கொண்டால், அதன் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 42, கனம் 12 மி.மீ. 6302 என்ற பேரிங்கின் வெளிவிட்டமும் அதே 42தான், உள்விட்டம் மட்டும் 15. ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) தொடாமல், புஷ்ஷே இல்லாமல் வேலை முடிந்துவிடும். சுமை தாங்குவதிலும் 6302 ஒரு படி மேல். ஆனால் அதன் கனம் 13 மி.மீ. என்பதால் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெளியே துருத்தி நிற்கும். வெளி ஸ்பேசர்களை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே, ஹப்பின் உள்ளே ஒரு குழாய் உண்டு. அதைத் தொலைத்துவிட்டு வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது ஏற்படும் அழுத்தம் உள்வளையங்கள் வழியாக இந்தக் குழாய்க்குத்தான் போகிறது. குழாய் இல்லாவிட்டாலோ சற்றுக் குட்டையாக இருந்தாலோ அழுத்தம் பேரிங் குண்டுகளின் மீது விழுந்து, சக்கரம் கையால் சுற்றும்போதே கரகரக்கும். 20 மி.மீ. துளையுள்ள பழைய குழாய் 15 மி.மீ. ஆக்ஸிலில் தளர்வாக ஆடும் என்பதால், நீளம் சிறிதும் மாறாமல் 15 மி.மீ. துளையுடன் புதிய குழாய் கடையச் சொல்லுங்கள். லேத்தின் உண்மையான வேலை அதுதான்.

கேள்வி: முன்சக்கரத்தையும் 18-லிருந்து 17 அங்குலத்துக்கு மாற்றினால் ஓட்டுவதில் என்ன வித்தியாசம் தெரியும்?

பதில்: முன்பக்கம் தாழ்ந்து ஃபோர்க்கின் சாய்வு குறைவதால் ஹேண்டில் லேசாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் நிலைத்து நிற்கும் குணம் குறையும். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து இயங்குமானால் அதுவும் பொய் சொல்லும்: 100/90-18 டயரின் விட்டம் 637, 110/70-17 டயரின் விட்டம் 586 மி.மீ.; உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 65-ஐக் காட்டும். டிரம் இருந்த இடத்தில் டிஸ்க் வருவதானால், காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) தாங்கும் பிராக்கெட்டைத் தகட்டில் வெட்டி ஒட்டவைக்கும் வேலையை அடியோடு மறந்துவிடுங்கள். டிஸ்க்குக்கென்றே வந்த ஃபோர்க்கை முழுவதுமாக மாற்றுவதுதான் முறை.

கேள்வி: ரிம்மை மாற்றாமல் அகலமான டயரை மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. 1.85 அங்குல அகலமுள்ள ரிம் 3.00-18 டயருக்கானது. அதில் 100/90-18 டயரை ஏற்றினால் விளிம்புகள் இரண்டும் உள்நோக்கி இறுகி, நடுப்பகுதி கூம்பி நிற்கும். நேரே ஓடும்போது சாலையைத் தொடும் பட்டை குறைந்து நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் வண்டி தானாகப் படுத்துவிடுவதுபோல் தோன்றும். அந்த டயருக்குக் குறைந்தது 2.15 அங்குல ரிம் வேண்டும், 2.50 இருந்தால் பொருத்தம். வேறு மாடலின் அலாய் வீலைத் தேடி அலைபவர்களுக்கும் என் விடை இதுவேதான். உங்கள் வண்டியின் சொந்த ஹப்பை வைத்துக்கொண்டு, அதே 18 அங்குல விட்டத்தில் 2.15 ரிம் கோத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில், பிரேக், ஸ்பிராக்கெட் எதையும் தொட வேண்டியதில்லை. பக்கத்துக்கு 10 மி.மீ. அளவுக்கே கூடுவதால் பெரும்பாலும் செயினுக்கும் இடம் இருக்கும்.

ரிம் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கை ஹப்போடு ஒத்திருப்பது மட்டும் போதாது. ஸ்போக்ஸ் நுழையும் குழிகளின் சாய்வும் ஹப்பின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும், இல்லையேல் நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் திருகு) அருகே கம்பி வளைந்து நின்று, சில மாதங்களில் அங்கேயே முறியும். கம்பிகளைப் பழைய நீளத்திலேயே வாங்காமல், ரிம்மைக் கையில் வைத்து அளந்து வாங்குங்கள். பெண்டு எடுத்து (சக்கரத்தின் கோணலை நேராக்கி) ஓட்டத் தொடங்கிய பின், சில நூறு கிலோமீட்டரில் கம்பிகள் தங்கள் இடத்தில் படிந்து தளரும். அப்போது ஒவ்வொன்றையும் சிறு ஸ்பேனரால் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பவற்றை இறுக்கி, பெண்டு மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.