ஒரு மாதக் குழந்தைக்குக் கொசு கடிக்காமல் இருக்க என்ன தடவலாம்?

அம்மாபேட்டையில் வீடு, ஒரு மாதக் குழந்தை, எந்த க்ரீம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம். 2 மாதம் முடியும்வரை கொசுவிரட்டி க்ரீம் கூடாது. ஏற்காடு போனவர்கள் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வந்து தந்தால் உங்கள் தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடவினால் பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறலாம்.

வலைதான் வழி. சேலைத் தூளி என்றால் வலையைச் சுற்றிலும் தரைவரை விழவிடுங்கள். மெல்லிய சேலை வழியாகவே கொசு கடிக்கும், அதனால் அடிப்பக்கம் திறந்திருக்கக் கூடாது. பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள், டெங்கு கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். அது முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில். டிரம்மை வாரம் ஒருமுறை ப்ரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் பக்கச்சுவரில் ஒட்டிய முட்டை போகாது. கொசுவத்திப் புகையும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.